பாவசங்கீர்த்தனம் முடித்து வந்த தலைகள்

எனக்கு ஆராய்ச்சி உதவித்தொகை, அதாவது ஸ்டைபண்ட், வந்த காலம் முழுவதும் அது எப்போது நிற்குமோ என்று பயந்துகொண்டேதான் இருந்தேன். மற்றவர்கள் தங்கள் ஆராய்ச்சி நாட்களைப் பற்றிப் பேசினால் நூலகம், நண்பர்கள், டீக்கடை என்று ஏதேதோ சொல்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது பயம்தான். காலையில் பஸ் ஏறும்போது பிடிக்கும், சாயங்காலம் ஊர் திரும்பி இறங்கும்போதுதான் விடும். சில நாள் விடாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வில்லியனூருக்குப் பக்கத்தில், ஒதியம்பட்டைத் தாண்டி, எங்கள் ஊர். கிறிஸ்தவர்கள் ஊர். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில், சாமியார் என்றால் பங்குச் சாமியார். அப்பா நான் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். இருந்த கொஞ்ச நிலத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டு அம்மா என்னைப் படிக்கவைத்தாள். நான் எம்.எஸ்ஸி. முடித்து, பாண்டிச்சேரி டவுனை ஒட்டிய ஒரு மருத்துவக் கல்லூரியில் மூளையின் மின் அலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சேர்ந்தேன். டில்லியிலிருந்து மாதா மாதம் ஸ்டைபண்ட் வரும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மாதா மாதம் என்பது சும்மா பேச்சுக்கு. மூன்று மாதம் வராது, நான்காம் மாதம் மொத்தமாக வரும், அதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

ஊரில் இதை யாருக்கும் விளக்க முடியவில்லை.

"படிக்கிறதுக்கு நாமதான துட்டு கட்டணும்? உனக்கு இன்னாத்துக்கு அவுங்க குடுக்கிறாங்க?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

"ஆராய்ச்சி பண்றதுக்கு அத்தை."

"அதான், இன்னா வேல?"

"மூளை எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறது."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அத்தப் பாத்து இன்னா பண்ணப் போறாங்களாம்?" என்றாள். இதே கேள்வியை இரண்டு வருடம் கழித்து டில்லிக் குழுவும் கேட்டது, இங்கிலீஷில்.

அந்த ஸ்டைபண்ட் நின்றால் என் படிப்பு நின்றது. அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு இருபத்தாறு வயது ஆகியிருந்தது. உறவுக்காரர்கள் கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அம்மா, "கவர்மெண்டு சம்பளம் குடுத்துப் படிக்கவைக்குது, முடிக்கட்டும்" என்று சொல்லி வாயை அடைத்துவந்தாள். சம்பளம் நின்ற மறுநாள் அந்த வாய்கள் எல்லாம் திறந்துகொள்ளும். கடலூரில் ஒரு மாப்பிள்ளை ரொம்ப நாளாக ரெடியாகவே இருந்தான். அவனுக்கு மூளையைப் பற்றி எந்தக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. எங்கள் சோதனைக்கூடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். நல்ல கெட்டிக்காரர். இரண்டு வருடம் முடிந்ததும் டில்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்து பார்த்து, முன்னேற்றம் போதாது என்று எழுதிவிட்டுப் போனது. அடுத்த மாதத்திலிருந்து பணம் இல்லை. கொஞ்ச நாள் சும்மா வந்து வேலை பார்த்தார், அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் வில்லியனூர் கடைத்தெருவில் அவரை ஒரு உரக்கடைக் கல்லாவில் பார்த்தேன். மாமனார் கடையாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டைகளை எண்ணுகிற மாதிரி நின்றார். அன்றைக்கு நான் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். உரக்கடைக்கு எதிர்ப்பக்கமாகவே அதற்குப் பிறகு நடப்பேன், ஏதோ தொற்றிக்கொள்ளும் என்பது போல.

இப்போது வேலையைச் சொல்கிறேன். என் ஆராய்ச்சியை மேற்பார்த்த கைட் கண்டிப்பான மனிதர், அதிகம் பேசமாட்டார், பேசினால் கேட்பவருக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும். பள்ளிக்கூடமே போகாத, நாற்பது வயதைத் தாண்டிய கிராமத்துப் பெண்களின் மூளை அலைகளையும், படித்த டவுன் பெண்களின் அலைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த தலைப்பு. டவுன் பெண்கள் கிடைத்துவிட்டார்கள். நர்ஸுகள், டீச்சர்கள், ஆபீஸ்காரிகள் எல்லாரும் வந்து படுத்து எழுந்து போய்விட்டார்கள். கிராமத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேண்டும். "உனக்கென்ன, ஊரே இருக்கிறதே" என்றார் கைட். ஊர் இருந்தது. ஊரில் யாரும் தலையைக் கொடுக்கத் தயாராக இல்லை.

ஈ.ஈ.ஜி. என்ற அந்த மெஷினில் ஆளைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையில் அங்கங்கே பேஸ்ட் தடவி, சின்னச் சின்னத் தட்டுகளை ஒட்டி, அவற்றிலிருந்து ஒயர்களை மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். மெஷினில் வரிசையாகப் பேனாக்கள் இருக்கும். கீழே தாள் ஓடிக்கொண்டே இருக்கும், பேனாக்கள் மையால் கோடு இழுத்துக்கொண்டே போகும். ஆள் கண்ணை மூடி நிம்மதியாக இருந்தால், ஒரே சீராக அழகான அலை வரும். ஆல்ஃபா என்று பெயர். அந்த ஆல்ஃபாதான் எங்களுக்கு வேண்டியது. ஆள் பயந்திருந்தால் அது வராது. பல்லைக் கடித்தால் பேனா துடிக்கும், கண்ணைச் சிமிட்டினால் துள்ளும், வியர்த்தால் கோடே சாய்ந்து சாய்ந்து ஓடும்.

முதலில் பக்கத்து வீட்டு அத்தையைத்தான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துக்கொண்டு போனேன். பஸ் டிக்கெட் என் செலவு, டீயும் பன்னும் என் செலவு. அத்தை ஆஸ்பத்திரிக்கு என்பதால் தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்து வாரி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். எண்ணெயில் எதுவும் ஒட்டாது. ஸ்பிரிட்டும் பஞ்சுமாக அரை மணி நேரம் தேய்த்தேன். அத்தை அதற்குள் செபமாலையைக் கையில் எடுத்துவிட்டாள். பேனாக்கள் எல்லாம் ஒன்றாகக் குதித்ததைப் பார்த்துவிட்டு, "இது இன்னா எழுதுது?" என்றாள்.

"உங்க தலைக்குள்ள நடக்கிறது அத்தை. கண்ணை மூடுங்க."

என் வாயைத் தைத்திருக்க வேண்டும். அத்தை கண்ணை மூடவே இல்லை. அன்றைக்கு எடுத்த தாளைக் கைட் மேஜையில் விரித்துப் பார்த்தார். "இது முழுக்க பயம். மூளை எங்கே?" என்றார். அவ்வளவுதான். தாளைச் சுருட்டி என்னிடமே தந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்த மெசின் தலைக்குள் இருப்பதை எல்லாம் மை போட்டு எழுதிவிடுகிறதாம், நான் அதைப் படித்துப் பார்த்து ஒரு பெரியவரிடம் கொடுக்கிறேனாம், அவர் அதை டில்லிக்கு அனுப்புகிறாராம். அதற்குத்தான் எனக்குச் சம்பளமாம். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ரொம்ப இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் பெண்கள் உள்ளே போக ஆரம்பித்தார்கள். நான் பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள், தூக்கி வளர்த்தவர்கள். கொல்லைப்பக்கம் போய் ஒளிந்துகொண்டு, "அக்கா, அம்மா வூட்ல இல்ல" என்று பிள்ளைகளை விட்டுச் சொல்லவைத்தார்கள்.

ஒருத்தியை எப்படியோ பிடித்துக்கொண்டு போனால் அவள் வியர்த்துக் கொட்டினாள். இன்னொருத்தி ஒயரைப் பார்த்ததும் எழுந்து ஓடி, பஸ் ஸ்டாப்பில்தான் நின்றாள். கைட் ஒவ்வொரு தாளையும் சுருட்டித் தந்துகொண்டிருந்தார். பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்ததும் குழு வருகிறது என்று தகவல் வந்தது. கூடவே டில்லிக் கடிதத்தில் ஒரு வரி: கிராமத்துப் பெண்களின் பதிவுகள் முழுமையாக இருந்தால் மட்டுமே நீட்டிப்பு பரிசீலிக்கப்படும். நான் அதை வாசித்துவிட்டு பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒயரை என் தலையில் மாட்டியிருந்தால் அந்த மெஷின் உடைந்தே போயிருக்கும்.

தவசு காலம் நடந்துகொண்டிருந்தது. பாஸ்காவுக்கு முன்னால் எல்லாரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"நான் திரும்ப வரன்டி. திங்கக்கெழம கூட்டிக்கினு போ" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. "இன்னா அத்தை, திடீர்னு?"

"இன்னிக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டன். உள்ள இருந்தது எல்லாத்தையும் சாமியாருகிட்ட சொல்லிட்டன். அவுரும் மன்னிச்சிட்டாரு, அபராதமா குடுத்த செபத்தயும் முடிச்சிட்டன். இப்ப தல காலி. உன் மெசினு எதத் தேடி எழுதப் போவுது?"

திருத்த எனக்கு ஆசை இல்லை, பஸ் நேரத்தை மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை அத்தை வந்தாள், கண்ணை மூடினாள், மூச்சு சீரானது. பேனாக்கள் அப்படியே அமைதியாகி, ஒரே சீராக அலையை வரைய ஆரம்பித்தன. வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை என்றுதான் தோன்றியது. கைட் தாளை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன செய்தாய்?" என்றார்.

"ஓய்வு கொடுத்தேன் சார்" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அதற்குப் பிறகு பெண்கள் வரிசையாக வந்தார்கள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிற்றுக்கிழமை பூசையும் நன்மை என்கிற நற்கருணையும், திங்கட்கிழமை மெஷின். நடுவில் எந்தப் பாவமும் சேர்ந்துவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். குழாயடியில் சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒருத்தி பஸ்ஸில் தன் மாமியாருக்குப் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று முன்சீட்டுக்குப் போய்விட்டாள். "ஆஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் அது எங்கிட்ட எதுவும் பேசக் கூடாது, சொல்லி வை" என்று என்னிடம் கெஞ்சினாள். வந்த தலைகள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. தாளுக்குத் தாள் ஆல்ஃபா.

பங்குச் சாமியார் ஒருநாள் பூசை முடிந்து என்னை நிறுத்தினார். "என்னம்மா நடக்குது உங்க ஆஸ்பத்திரியில? வருஷத்துல ஒருதரம் வந்து ஒரு பாவம், ரெண்டு பாவம்னு சொல்லிட்டுப் போறவங்க எல்லாம் இப்ப கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணினது வரைக்கும் கொட்டறாங்க. எனக்குக் காது வலிக்குது" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு பேர் முடிந்திருந்தார்கள். பன்னிரண்டாவதாக வர ஒத்துக்கொண்ட பெண், மகள் பிரசவத்துக்கு என்று பாகூருக்குப் போய்விட்டாள். குழு வர ஒரு வாரம்தான் இருந்தது. மிச்சம் இருந்த பெண்களில் ஒருத்தி சின்ன வயது, ஒருத்தி அஞ்சாவது வரை படித்தவள், ஒருத்திக்கு வலிப்பு. தகுதியான தலை ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது. அது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அம்மா நாற்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஊரே வந்தபோதும் அவள் வரவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன். இப்போது கேட்டேன். மாடு கன்று போடப் போகிறது என்றாள். மாடு கன்று போட இன்னும் இரண்டு மாதம் இருந்தது. களை எடுக்க ஆள் வருகிறார்கள் என்றாள். ஆள் வரவில்லை. தலைவலி என்றாள்.

"சரி, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா, திங்கக்கிழமை போலாம்" என்றேன்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்த முகம் சரியில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் நன்மை எடுக்க எழுந்து போனபோது அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா நன்மை எடுக்காமல் நான் பார்த்ததே இல்லை. அப்பா செத்த வாரத்தில்கூட எடுத்தவள் அவள்.

அன்று மத்தியானம் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அன்றும் வந்தது.

"ஊரே வந்துடுச்சி. பெத்த தாய் நீ வரல. நாளைக்கு அவங்க பணத்தை நிறுத்திட்டாங்கன்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்? உனக்கு அதுல ஏதாவது கவலை இருக்குதா?"

அம்மா தலை நிமிரவில்லை. ஓட்டை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டபடியே இருந்தாள்.

"நேத்து கோயில்ல இன்னா ஆச்சி? இன்னிக்கு ஏன் நன்மை எடுக்கல?"

"சாமியாருகிட்ட சொல்ல முடியலடி."

"பாவம்னா சொல்லித்தான ஆகணும்?"

"பாவம்னா சொல்லிப்புடலாம். வேண்டுதல எப்பிடிச் சொல்றது? வேண்டிக்கிறது பாவமா?" என்றாள். "பாவமில்லன்னா அவுரு எத மன்னிப்பாரு? மன்னிக்கலன்னா அது உள்ளயேதான கீது? நீ ஒயர வச்சினா வந்துடுமே."

எனக்குப் புரியவில்லை. "இன்னா வேண்டிக்கிட்ட?"

அவள் கை நின்றது. "உன் சம்பளம் நின்னுபூடணும்னு" என்றாள்.

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அம்மாவேதான் மேலே பேசினாள். மெதுவாக, முறத்தைப் பார்த்துக்கொண்டே.

"எங்கண்ணன் பட்டாளத்துல சேந்து சொல்தாவா பிரான்சுக்குப் போனான். மூணு வருசத்துல வந்துடறன்னான். இப்ப வருசத்துக்கு ஒரு போட்டோ கார்டு போடறான், அதுல குந்திக்கினு கீற அவன் பேரப்புள்ளைங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. நீ அன்னிக்குச் சொன்னியே, உனக்கு முன்னாடி படிச்ச டாக்டரம்மா பொண்ணு லண்டன்ல கீறான்னு. இன்னொரு பையன் அமெரிக்கா பூட்டான்னு. நானும் கேட்டுக்கினுதான் கீறன். இந்தப் படிப்ப முடிச்சவங்கள்ல யாருடி ஊர்ல கீறாங்க? ஒருத்தரச் சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒருவர்தான் ஞாபகம் வந்தார். அவர் முடிக்காதவர், உரக்கடைக் கல்லாவில் இருந்தார்.

"எவ்ளோ நாளா வேண்டிக்கிற?" என்றேன்.

"நீ சேர்ந்ததுலேர்ந்து."

எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று தெரியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். நியாயமாகப் பார்த்தால் அவளுக்காக என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. நான் அரண்டு போயிருந்தேன். மூன்று மாதம் வராத ஸ்டைபண்ட், ஒயரைப் பார்த்து ஓடிய பெண்கள், பாகூரில் திடீரென்று வந்த பிரசவம், டில்லிக் கடிதத்தில் அந்த ஒரு வரி எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் வந்து நின்றன. அம்மா வேண்டி எதுவும் நடக்காமல் போனதில்லை என்று ஊரில் பேச்சு உண்டு. மூளையை அறிவியலாகப் படிக்கும் நான், கொல்லையில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மாதாவே, அவங்க சொல்றதக் கேக்காதீங்க என்று முணுமுணுத்தேன். என் வேண்டுதலுக்கு எதிராக என் அம்மாவின் வேண்டுதல். எது முதலில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இரண்டு வருடம் முன்சீட்டு.

திங்கட்கிழமை காலையில் நான் கிளம்பியபோது அம்மா வெளுத்த புடவை கட்டி, தலையைச் சீயக்காய் போட்டு அலசி, ஈரம் உலராமல் வாசலில் நின்றிருந்தாள். பன்னிரண்டு பேரில் எண்ணெய் இல்லாமல் வந்த ஒரே தலை அது.

"வா, போலாம்" என்றாள். "உங்கிட்டயே சொல்லியாச்சி. இனிமே எழுதனா எழுதட்டும்."

வில்லியனூர் மாதா கோயிலைப் பஸ் தாண்டும்போது அம்மா வழக்கம்போல சிலுவை போட்டுக்கொண்டாள். உதடு அசைந்தது. என்ன வேண்டினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

கட்டிலில் படுத்தாள். அவள் தலையை அவ்வளவு நேரம் நான் தொட்டது அன்றுதான். வகிடு எடுத்து, அளந்து, பேஸ்ட் தடவி, ஒவ்வொன்றாக ஒட்டினேன். நரைத்திருந்தது, எனக்குத் தெரியாமலே. கண்ணை மூடச் சொன்னேன், மூடினாள். மெஷினைப் போட்டேன். கொஞ்ச நேரம் பேனாக்கள் தடுமாறின. பிறகு வந்தது பாருங்கள், வந்த அத்தனை பேரிலும் அழகான அலை அதுதான். பள்ளம் மேடு இல்லாமல், கையால் வரைந்ததுபோல. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவளுக்கு இனி என்ன பயம்? பயம் மொத்தமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. நடுவில் ஒரு ஒயரைச் சரிசெய்யக் கையை வைத்தேன், பேனா தாறுமாறாகத் துள்ளியது. பின்னால் நின்ற கைட், "யார் கை அது? எடு. நீ நடுங்குவது எல்லாம் உன் அம்மா கணக்கில் விழுகிறது" என்றார்.

குழு வந்த அன்று நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கைட் ஓரமாக இருந்தார். நான் நின்றுகொண்டு பேசினேன். சொன்ன வாக்கியத்தையே இரண்டு தரம் சொன்னேன். தாள்களை விரித்துப் பார்த்தார்கள். ஒருவர் அம்மாவின் தாளை மேலே எடுத்து, இது யார் என்று கேட்டார். என் அம்மா என்றேன். உறவினரை எடுக்கக் கூடாது என்று சொல்லப்போகிறார்கள் என்று உயிரே போய்விட்டது. ஆள் கிடைக்காததைக் கைட் எடுத்துச் சொன்னார். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், சரி என்றார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், குரலில் கனிவு இருந்தது. இதை முடித்ததும் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். பாரிஸில் தனக்குத் தெரிந்த ஒரு சோதனைக்கூடம் இந்த வேலையைத்தான் செய்கிறது, பாண்டிச்சேரிப் பெண் என்றால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள், அங்கே நல்ல உதவித்தொகை உண்டு, மேற்கொண்டு போகிறவர்களுக்குச் செலவழித்தால்தான் இந்தப் பணத்துக்கும் அர்த்தம் என்றார். "நீங்கள் போவீர்களா?"

கைட் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உரக்கடைக் கல்லா கண்ணில் நின்றது. கடலூர் மாப்பிள்ளை நின்றான். அம்மாவும் நின்றாள்.

"போவேன் சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது அந்த வார்த்தை. பெரியவர் சிரித்து, தாளில் ஏதோ எழுதினார். இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பு என்று கைட் பிறகு வராந்தாவில் சொன்னார். முதுகில் தட்டினார். அவர் யாரையும் தட்டி நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் பயந்த பயம் அந்த வராந்தாவில் சட்டென்று விட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? பஸ்ஸில் உட்கார்ந்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஊர் நெருங்க நெருங்க, பஸ் எங்காவது பஞ்சராகி நின்றால் தேவலை என்று இருந்தது. பணம் கிடைத்த செய்தியை வீட்டில் சொல்லப் பயந்த ஆராய்ச்சி மாணவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

"குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம்."

"இன்னா கேட்டாங்க?"

மறைத்திருக்கலாம். அவள் என்னிடம் மறைக்கவில்லையே என்று தோன்றியது. "முடிச்சிட்டு பிரான்சுக்குப் போவியான்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"போவேன்னு சொன்னேன்."

அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு, "சொன்னாத்தான குடுப்பாங்க" என்றாள். என்னை விட்டுக்கொடுக்காமல் அவளே ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்காகத்தான் சொன்னேனா, நிஜமாகவே போக ஆசைப்பட்டுச் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

அப்பா போனதிலிருந்து நானும் அம்மாவும் ஒரு இரவுகூடத் தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை. எவ்வளவு நேரமானாலும் நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் தட்டை எடுப்பாள். மறுநாள் நான் வந்தபோது என் சோறு மட்டும் மூடி வைத்திருந்தது. அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"பசிச்சிதா எம்மா, முன்னாடியே சாப்ட்டுட்ட?" என்றேன்.

"இல்லடி," என்றாள் அம்மா, "இன்னும் ரெண்டு வருசந்தான கீது. இப்பலேர்ந்தே பழகிக்கிறன்."